அழகன் குடித்தது என்ன?

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பிராவின் கடைசி ஏணைத் தொட்டிலில் கிடந்த குழந்தை அழவில்லை. பேச்சியம்மாவுக்கு அதுதான் முதலில் உறைத்தது. அங்கே ஒன்று சிணுங்கினால் மற்றதெல்லாம் கூடச் சேர்ந்து கத்தும். இந்த ஒன்று மட்டும் வாயோரம் எச்சில் ஒழுக, நெற்றியெல்லாம் வேர்த்து, துவண்டு கிடந்தது. வேர்க்கிற ஊரா இது? வட்டவளையில் ஆனி மாதத்து மழை. கம்பளிக்குள்ளேயே பல் கிட்டும்.

தூக்கினாள். தலை தொங்கியது. குழந்தை வாந்தி எடுத்தது. அப்புறம் அசைவே இல்லை.

கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்வது பேச்சியம்மாவின் வேலை. அவளே அழகனை மார்போடு அணைத்துக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மழையில் ஓடினாள். விஷம் வைத்தவள் இப்படித் தூக்கிக்கொண்டு ஓடுவாளா என்று அன்றைக்கு ஒருத்தரும் யோசிக்கவில்லை. யோசிக்க யாருக்கு நேரம்?

சிஸ்டர் எப்ராசி அப்போது ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில்தான் இருந்தார். மேட்டிலுள்ள கன்னியர் மடத்திலிருந்து கிழமைக்கு ஒருநாள் இறங்கி வந்து டொக்டர் விமலசூரியவுக்கு மொழிபெயர்ப்பார். டொக்டருடைய தமிழ் 'நாக்கை நீட்டு' என்பதோடு நின்றுபோனது. சிஸ்டரோ மன்னார்க் கடற்கரைக்காரி. லத்தீனில் ஜெபிப்பார், பிரெஞ்சில் மடத்துத் தலைமைத் தாயாரிடம் திட்டு வாங்குவார், மடத்துச் சமையல்காரியிடம் சிங்களம் படித்து முடித்தாயிற்று. இப்போது மேல் லயத்து வரிசை வீடுகளின் தெலுங்குக் குடும்பங்களைப் பிடித்திருக்கிறார். மலைக்குப் போனால் பெண்களிடம் இதற்கென்ன பேர், அது எதற்கு, யார் செய்வது என்று கேட்டே உயிரை எடுப்பார். கேட்ட சொல்லை ஜெபமாலை மணிக்கு ஒன்றாக உருட்டிப் பாடம் பண்ணுவதும் உண்டு. மாதாவுக்குத் தெலுங்கு வேண்டாம் என்று தாயார் ஒருதரம் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

டொக்டர் குழந்தையின் இமையை விரித்துப் பார்த்தார். சிங்களத்தில் படபடவென்று பேசினார்.

"அபின் என்று நினைக்கிறேன். கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கியிருக்கு. பிள்ளை பார்க்கிறவள் தூங்க வைக்கக் கொடுத்திருப்பாள். ஆனால்..."

"ஆனால்?"

"அபினுக்கு வாய் காயும். இவனுக்கு ஒழுகுது. அபினுக்கு ஒரு மருந்து இருக்கு. வேறு எதுவாவது என்றால் அந்த மருந்தே இவனை முடிச்சிடும். நான் வயிற்றைக் கழுவுறேன். அவள் என்ன கொடுத்தாள் என்று கேட்டு வாங்க. சீக்கிரம்."

சிஸ்டர் வெளியே வந்தபோது முற்றம் நிறைந்திருந்தது. ஆற்றோர மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு இறங்கி வந்துவிட்டார்கள். எல்லார் காலிலும் ரத்தம் கோடு கோடாய் வழிந்தது. மழை நாளில் அதை யாரும் துடைப்பதுகூட இல்லை. பேச்சியம்மா தூணோடு ஒடுங்கி நின்றாள். அவள் எதிரே அழகனின் அப்பன் வீரய்யா, கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி.

"சொல்லுடி! எம்புள்ளைக்கி என்னாடி குடுத்த?"

"கஞ்சிதான் குடுத்தேன். வேற எதுவும் குடுக்கலய்யா. எங்கண்ணாணை குடுக்கல."

அம்மாக்கண்ணு, பெற்றவள், வழுக்கி விழுந்து எழுந்து ஓடி வந்து சிஸ்டரின் தோளில் சாய்ந்தாள். நனைந்த கம்பளியிலிருந்து புகையிலை வாடை குப்பென்று அடித்தது. வாய்விட்டு அழுதபோது பற்கள் பளிச்சென்று வெள்ளையாய்த் தெரிந்தன. சட்டையின் இடது மார்பில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம், இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. மாரில் அடித்துக்கொண்டதில் நகம் பட்டிருக்கும் என்று பக்கத்தில் நின்றவள் சொன்னாள்.

"அவதான் சிஸ்டரம்மா! நேத்து என்கூட சண்ட புடிச்சா. 'ஒம்புள்ளைக்கி ஏதாச்சும் ஆனாத்தான் ஒனக்கு புத்தி வரும்'னு சொன்னா. இன்னிக்கி செஞ்சுட்டா!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, மலையில் வேலை வாங்கும் கங்காணி கந்தப்பன் வந்தார். விரல் நுனியில் கறுப்பாய் ஒரு கட்டி.

"இவ மடியில இருந்துச்சு. அபின். ஹற்றன் பொலிசுக்கு ஆள் அனுப்பியாச்சு சிஸ்டர். நீங்க ஒண்ணும் கேக்க வேணாம்."

சிஸ்டர் கட்டியை வாங்கினார். நாக்கில் வைத்தார். கந்தப்பன் ஐயோ என்று பின்வாங்கினார்.

"அபின் கசக்கும். இது துவர்க்குது. வெத்தலைக்குப் போடுற காசுக்கட்டி இது, கங்காணியாரே. உங்க வீட்டுலயும் இருக்கும்."

அபின் இல்லை. அப்படியானால் என்ன? உள்ளே குழந்தையின் மூச்சு விட்டு விட்டு இழுப்பது தாழ்வாரம் வரை கேட்டது. சிஸ்டர் ஜெபமாலையைத் தொட்டார். மாதாவே, எனக்கு ஒரு விடை கொடு, இந்த ஒரு தரம் கொடு என்று மனசுக்குள் கெஞ்சினார். எந்தப் பாஷையில் கெஞ்சினார் என்று அவருக்கே தெரியாது.

பேச்சியம்மாவின் கையைப் பிடித்தார்.

"பேச்சியம்மா, என்னப் பாருங்க. கஞ்சி எல்லாருக்கும் ஒரே பானையா?"

"ஒரே பானதாங்க. மிச்சத்த நானும் குடிச்சேன்."

"வேற புள்ளைக யாருக்காவது?"

"ஒண்ணுமில்லீங்க. எல்லாம் வெளயாடுதுங்க."

"கஞ்சிக்கு அப்புறம் அழகன்கிட்ட யாரு வந்தா?"

"யாரும் வரல. அவ ஆத்தாதான் பால் குடுக்க வந்தா. நாலஞ்சு பேரு தாய்மாருங்க சேந்துதான் வந்தாங்க."

"குடிக்கிறப்ப அவன் எப்படி இருந்தான்?"

பேச்சியம்மா நெற்றியைச் சுருக்கினாள். "மூஞ்சியச் சுளிச்சான். விட்டுட்டு அழுதான். அப்புறம் பசி தாங்காம மறுபடி புடிச்சுக்கிட்டான்."

"எந்தப் பக்கம்?"

"எடது பக்கம். அவன் எப்பவும் எடதுதான்."

"நேத்து சண்டை எதுக்கு?"

பேச்சியம்மா கங்காணியைப் பார்த்தாள். கந்தப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சொல்லுங்க. ஒரு உசிரு போய்க்கிட்டிருக்கு."

"பீலிக்காகத்தாங்க. மலையிலேருந்து வர்றவ பீலிக் குழாயில கொட்டுற தண்ணியில கைய, மாரக் கழுவிட்டுத்தான் புள்ளையத் தொடணும். அது நம்ம வழக்கம். நேத்து இவ கழுவாம வந்தா. நான் விடல. கழுவிட்டு வான்னு வெரட்டுனேன், நல்லா ஏசியும் போட்டேன். அதுல நேரமாகி கங்காணியாரு இவளுக்கு அரைப் பேரு போட்டுட்டாரு, அரைநாள் கூலி போச்சு. அந்தக் கோவம் அவளுக்கு. அதான் இன்னிக்கி..." உள்ளே குழந்தை கிடந்த பக்கம் திரும்பினாள். "இன்னிக்கும் கழுவாம வந்தா, நான் வாயத் தொறக்கல. எனக்கென்னன்னு இருந்துட்டேன்."

சிஸ்டர் அவள் கையை விட்டார். அப்படியே திரும்பி உள்ளே ஓடினார். மடத்தில் ஓடுவது குற்றம்.

"புகையிலை, டொக்டர்! அபின் இல்லை. புகையிலை ஊறின தண்ணி."

டொக்டர் குழந்தையை மறுபடி பார்த்தார். எச்சில், வேர்வை, வாந்தி, சுருங்கிய கண்மணி. எல்லாம் வரிசையில் வந்து நின்றதை அவர் முகத்திலேயே பார்க்கலாம். எடுத்து வைத்திருந்த ஊசியைக் கீழே போட்டுவிட்டு வேறு மருந்துக்கு அலுமாரியைத் திறந்தார்.

"வாயை, முகத்தை, நெஞ்சையெல்லாம் துடையுங்க. யார் கொடுத்தது?"

சிஸ்டர் சிங்களத்தில் சொன்னார். மழைக் காலத்தில் ஆற்றோர மலையில் அட்டை அப்பிக்கொள்ளும். அதற்காகப் புகையிலைத் தண்ணீரில் ஊறிய துணி முடிச்சு ஒன்றைப் பெண்கள் இடுப்பில் செருகிக்கொண்டு போவார்கள். கடித்த அட்டையில் அதை வைத்து அழுத்தினால் சுருண்டு விழும். இன்று ஒரு அட்டை அம்மாக்கண்ணுவின் சட்டைக்குள் ஏறியிருக்கிறது. நகக் கீறல் என்றால் ரத்தம் இதற்குள் நின்றிருக்கும். அட்டைக்கடி மட்டும்தான் இப்படி நிற்காமல் ஊறும். வெற்றிலை புகையிலை போடாத பல், ஆனால் மேலெல்லாம் புகையிலை வாடை. அவள் அந்தத் துணியை மாரில் வைத்து அழுத்தியிருக்கிறாள். அதே இடது பக்கத்தைக் கழுவாமல் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறாள்.

சொல்லி முடித்தார். சுலபமாகவே வந்தது. அம்மாக்கண்ணுவுக்குச் சிங்களம் தெரியாது.

"இந்த ரெண்டு மணி நேரத்தைத் தாண்டினால் பிழைப்பான்" என்றார் டொக்டர். "அவளிடம் சொல்லாதீங்க. பாவம்."

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் சிஸ்டருக்கும் தோன்றியது. எவ்வளவு நன்றாக இருக்கும். ஆனால் வெளியே கத்தி இருந்தது, கத்திக்கு எதிரே பேச்சியம்மா இருந்தாள், ஹற்றனிலிருந்து பொலிஸ் ஜீப் வந்துகொண்டிருந்தது.

தாழ்வாரத்துக்கு வந்து வீரய்யாவின் முன்னால் நின்றார்.

"கத்திய கீழ வைங்க. பேச்சியம்மா ஒண்ணும் செய்யல. புள்ள வயித்துல போனது அட்டைக்கு வைக்கிற புகையிலைத் தண்ணி."

அம்மாக்கண்ணுவின் அழுகை நின்றது. எல்லாருக்கும் முன்னால் அவளுக்குத்தான் புரிந்தது. கை தானாக மார்புக்குப் போய், தொடாமல் நின்றது.

"நானா சிஸ்டரம்மா?"

அந்த ஒரு கேள்விக்கு சிஸ்டரிடம் தமிழ் இல்லை. படித்த மற்ற பாஷைகளும் கைகொடுக்கவில்லை. அவளைப் பிடித்து உட்கார வைத்து, தானும் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார்.

"அட்ட கடிச்சிச்சு. நீ எடுத்துப் போட்ட. எல்லாரும் செய்யிறதுதானம்மா."

வீரய்யா மனைவியின் பக்கம் ஒரு எட்டு வைத்தான். சிஸ்டர் எழுந்து குறுக்கே நின்றார்.

"இவள அடிக்க வராதீங்க. குத்தவாளி வேணும்னா காட்டுறேன். இத்தனை வருசமா எந்தத் தாயும் கழுவாமப் பால் குடுத்ததில்ல. நேத்துலேருந்து ஏன் கழுவல? கொழுந்து மண்டிக் கிடக்கு, பீலிக்குப் போய் நேரத்தக் கழிக்கிறவளுக்கு அரைப் பேருன்னு உத்தரவு போட்டது யாரு?" திரும்பினார். "நீங்கதான், கங்காணியாரே."

கூட்டத்தில் ஒருத்தி மட்டும், "ஆமா, எங்களையும்தான் விடல" என்றாள்.

"தொர சொன்னதத்தான் நான் சொன்னேன்" என்றார் கந்தப்பன். அதிலும் பொய் இல்லை. துரை பங்களா மேகத்துக்குள் எங்கேயோ இருந்தது. அவ்வளவு தூரம் யார் போய்க் கேட்பது? கத்தி வீரய்யாவின் கையிலிருந்து நழுவி விழுந்தது. கந்தப்பன் அதை எடுத்து ஓரமாய் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

ஜீப் வந்தது. டொக்டர் ஏதோ சொன்னார். ஜீப் திரும்பிப் போனது.

பொழுது சாயும் வரை மூன்று பெண்களும் வார்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். அழகனின் மூச்சு நிற்கும்போதெல்லாம் மூன்று பேரும் மூச்சை நிறுத்தினார்கள். இரண்டு முறை டொக்டர் ஓடி வந்தார். ஒரு முறை தலையை ஆட்டிக்கொண்டு போனார். சிஸ்டர் ஜெபமாலையை எடுத்தார், முதல் மணியைத் தாண்ட முடியாமல் அப்படியே பிடித்திருந்தார்.

விளக்கேற்றும் நேரத்துக்கு ஒரு சிணுங்கல் கேட்டது. பிறகு நல்ல அழுகை, பசி அழுகை.

டொக்டர் சிரித்தே விட்டார். "பால் கொடுக்கச் சொல்லுங்க" என்றார் சிங்களத்தில்.

சிஸ்டர் சொன்னார். அம்மாக்கண்ணு சுவரோடு சுவராய்ப் பின்வாங்கினாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். பால் கட்டி சட்டை நனைந்து வழிந்தது.

"வேணாம் சிஸ்டரம்மா. நான் தொட மாட்டேன். யாராச்சும் குடுங்க. நான் வேணாம்."

சிஸ்டர் வாயைத் திறந்தார். அதற்குள் பேச்சியம்மா எழுந்து போய் ஒரு சட்டி வெந்நீரோடு வந்துவிட்டாள். எதுவும் பேசாமல் அம்மாக்கண்ணுவின் எதிரில் மண்டியிட்டு, சட்டைக் கொக்கியைக் கழற்றினாள். கழுவினாள். முந்தானையால் துடைத்தாள். திருப்தியில்லாமல் மறுபடியும் கழுவினாள். பின்னால் ஒளிந்திருந்த கைகளை ஒவ்வொன்றாய் இழுத்து விரல் விரலாய்த் தேய்த்துவிட்டாள். பிறகு கட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கி வந்து அவள் மடியில் வைத்தாள்.

"குடுடி" என்றாள்.

அம்மாக்கண்ணு கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். அழகன் ஒரு தரம் வாயை வைத்துப் பார்த்தான். முகம் சுளிக்கவில்லை.