ஒன்பதாம் கட்டிலின் நோயாளி

ஒன்பதாம் கட்டிலில் ஆள் இருப்பதாகக் கணினித் திரை காட்டியது. ஆனால் அதற்கு நேரே இருந்த நோயாளி எண்ணைத் தேடினால், அப்படியொருவர் அந்த மருத்துவமனையிலேயே இல்லை.

ஏசி இரைச்சலும் சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் அடைத்துக்கிடந்த அடித்தள அறையில், தரவுத்தள நிர்வாகி அந்த வரியை மறுபடி பார்த்தான். காலையில் பித்தப்பை அறுவை முடிந்து அந்தக் கட்டிலில் படுத்திருப்பவள் அவன் மனைவி.

மதியம் இரட்டைப் பதிவுகளை அழித்தது அவன்தான். ஒரு கட்டில் ஒருவரைச் சுட்டிக்கொண்டிருக்கும்வரை அவருடைய பதிவை அழிக்க விடாத விதி ஒன்று உண்டு. அது குறுக்கே குறுக்கே வந்ததால் நிறுத்தி வைத்தான். அதெல்லாம் வரவேற்பறை மண்டுகளுக்கு, அவனுக்கு எதற்கு? அதே மண்டுகள் அவன் மனைவியையும் இரண்டு முறை பதிந்திருந்தார்கள். அவனுடைய கட்டளை இரண்டையும் அழித்திருந்தது.

வார்டிலிருந்து நர்ஸ் அழைத்தாள்.

“சார், உங்க வைஃப் பெட்டுல இல்ல. ஆனா போர்வை மட்டும் மூச்சு விடுற மாதிரி ஏறி இறங்குது.”

“பாத்ரூம் போயிருப்பா. ஒரு ஆளைப் பாத்துக்கத் துப்பில்ல, இதுல கதை வேற.”

“நான் கதவுகிட்டயேதான் சார் உக்காந்திருக்கேன்.”

போனை வைத்தான். பதிவு இல்லையென்றால் போட்டுவிட்டால் ஆயிற்று. அதே எண்ணில் புதிய வரி ஒன்றைச் சேர்த்தான். பெயர், வயது, ரத்த வகை, புகைப்படம் என்று திரை கேட்டுக்கொண்டே போனது. எண் போதும், மிச்சத்தை அந்த மண்டுகள் நிரப்பட்டும் என்று காலியாகவே விட்டுச் சேமித்தான்.

மறுபடி மணி. இம்முறை நர்ஸின் குரல் தாழ்ந்திருந்தது.

“ஆள் வந்தாச்சு சார். உங்க வைஃப்தானான்னு நீங்களே வந்து பாத்துச் சொல்லிடுங்க.”

முட்டாள்கள் என்று முனகிக்கொண்டே படியேறினான். பினாயில் நெடி. பார்வையாளர் நேரம்தான், ஆனால் பேச்சரவம் இல்லை. எல்லாரும் எதிர்ச்சுவரோடு ஒட்டி நின்றார்கள். நர்ஸ் கட்டிலின் திரையைத் தொடவில்லை. அவனே விலக்கினான்.

மணிக்கட்டில் பட்டை. சரியான எண். விரல்களில் நகம் இல்லை. முகம் சுவர்ப் பக்கம்.

திரும்பியது.

நெற்றியிலிருந்து தாடைவரை ஒரே தோல். வழுவழுவென்று. வாய் இருக்க வேண்டிய இடத்தில் அது உள்ளே குழிந்தது. உப்பியது. குழிந்தது.

ஒரு கை நீண்டு, காற்றில் துழாவி, அவன் சுண்டுவிரலை மட்டும் பற்றிக்கொண்டது, தூக்கத்தில் அவள் பற்றிக்கொள்வதுபோல.