மெல்பேர்ண் ஏழு மணிச் செய்தி

துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் அந்தப் பழைய மாடிவீட்டுக்குப் பிரகலாதன் ஞாயிறு மத்தியானம் வந்து சேர்ந்தான். வானம் மூடிக் கிடந்தது. மேல்மாடியில் ஒரு தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சியின் கலையகம். விடியப்புறம் ரொறன்ரோவுக்கு, பகலில் மெல்பேர்ணுக்கு, இரவில் லண்டனுக்கு என்று இங்கிருந்துதான் செய்தி வாசிப்பார்கள். யார், எத்தனை மணிக்கு என்று அட்டவணை போடுவது அவன் வேலை.

அன்று ஒக்டோபர் முதல் ஞாயிறு. வருடாவருடம் அந்த நாளில் மெல்பேர்ணில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவார்கள். அங்கே இரவு ஏழு மணிக்குப் போகிற செய்தியை, அன்றிலிருந்து இங்கே பகல் இரண்டரைக்குப் பதில் ஒன்றரைக்கே வாசிக்க வேண்டும்.

போன வருடம் அதை, மெல்பேர்ண் செய்தி வாசித்த நுஸ்ரத்துக்குச் சொல்ல மறந்துவிட்டான். ஒன்றே காலுக்குத்தான் நினைவு வந்து போன் பண்ணினான். கிண்ணியாவிலிருந்து கொட்டும் மழையில் ஸ்கூட்டரில் விரைந்து வந்தவள், வழியில் லொறியொன்றில் அடிபட்டு அங்கேயே இறந்துபோனாள். முதல் நாளே தகவல் சொன்னதாகவும், அவள்தான் கவனிக்கவில்லை என்றும் பிரகலாதன் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தான். அவளுடைய உம்மாவும் அதை நம்பினார்.

இன்று நுஸ்ரத்தின் இடத்துக்கு வந்த டிலக்சனா ஒன்றரைக்கு வாசித்து முடித்து, "வாறன் அண்ணா" என்று கிளம்பிப் போனாள். வீட்டில் அவன் மட்டும்.

சரியாக இரண்டரைக்கு, அந்தப் பழைய நேரத்துக்கு, கலையகத்து வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒளிபரப்பு ஓடும்போது மட்டுமே எரிகிற விளக்கு.

கதவைத் திறந்தான். உள்ளே ஒருவரும் இல்லை. பெற்றோலும் நனைந்த தாரும் கலந்த வாடை முகத்தில் அடித்தது.

மேசையில் கிடந்த காதுக்கருவி மெல்ல முணுமுணுத்தது.

செய்தி வாசிப்பவரின் கதிரையில் அமர்ந்து, அதை எடுத்துக் காதில் வைத்தான்.

"எத்தன மணிக்கு அண்ணா?"

அது நுஸ்ரத்தின் குரல்.

"நேரம் மாத்தினத்த நீங்க எனக்குச் சொல்லல்லயே."

"ஓம்... சொல்லேல்லை, நுஸ்ரத். மறந்துபோனன். பிறகு பழியை உன்ர தலையில போட்டு எழுதினனான்."

காதுக்கருவி அடங்கிப்போனது.

நிமிர்ந்தபோதுதான் கண்டான், கமெராவின் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. எழும்பி ஓடி, வெளி விறாந்தையில் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தான். விசிறிகள் தள்ளாடி நின்றன. சிவப்பு விளக்கும் அணைந்தது.

கைத்தொலைபேசி அடித்தது. மெல்பேர்ண் அலுவலகத்தில் ஒளிபரப்பைப் பார்த்துக்கொள்ளும் சிவாஜினி.

"பிரகலாதன், என்ன கதைச்சியள்? எல்லாம் அப்பிடியே நேரடியாப் போயிட்டுது!"

"உண்மையைத்தான் கதைச்சனான், அக்கா."

"அதைப் பிறகு பாப்பம். முதல்ல அந்தப் பிள்ளையை எழும்பச் சொல்லுங்கோ."

"எந்தப் பிள்ளை?"

"நீங்கள் விட்டிட்டுப் போன கதிரையில இருக்கிறா. தலையெல்லாம் ஈரம் சொட்டுது."

"அக்கா, இஞ்ச கரண்டே இல்லை. மெயினை நிப்பாட்டிட்டன்."

சிவாஜினியின் மூச்சுக்குப் பின்னால், அந்த அலுவலகத்துத் தொலைக்காட்சியிலிருந்து ஒரு குரல் நிதானமாக வந்தது.

"வணக்கம். மெல்பேர்ணில் நேரம் இப்போது எட்டு மணி, ஆறு நிமிடம். செய்திகள் வாசிப்பது நுஸ்ரத்."