உறை உனக்கு, தட்டு எனக்கு

வெள்ளவத்தையில் பஸ் ஏறி, புறக்கோட்டையில் மாறி, கொட்டாஞ்சேனையில் றேணுகா இறங்கியபோது பின்னேரம் மூன்று மணி. மழை பெய்துகொண்டிருந்தது. நெஞ்சோடு அணைத்திருந்த தலையணை உறைக்குள் ஆறு இசைத்தட்டுகள். அண்ணன் பிறெடியின் முப்பத்தோராம் நாள் பூசை நேற்று முடிந்தது. அவன் வாடகைக்கு இருந்த மேல்மாடி அறையை இனி ஒழித்துக் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்காரி யூஜினா அன்ரி சாவியைக் கொடுத்தார்.

"மேல கரண்ட்ட வெட்டிப்போட்டம் மகள். யன்னலத் திறந்துவிடுங்கோ." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பின்னேரங்களில மேல சரசரண்டு ஒரு சத்தம் கேக்குது. எலியாத்தான் இருக்கும்."

பிறெடிக்கும் றேணுகாவுக்கும் ஒரே பைத்தியம், கிறே ஹாபர். இங்கே பத்துப் பேருக்குக்கூடத் தெரியாத ஓல்ரனேற்றிவ் ரொக் வகை ஆங்கில இசைக்குழு அது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, லண்டன் பெரியம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடி, அவர்களுடைய ஆறு இசைத்தட்டுகளையும் சேர்க்க ஒன்பது வருடம் பிடித்தது. கேட்பதற்கும் ஒரு சட்டம் இருந்தது. முதற்பக்கத்தைப் பிறெடி போடுவான். அது முடிந்ததும் இரண்டு தரம் செருமுவான். றேணுகா எழும்பிப் போய்த் தட்டைத் திருப்ப வேண்டும்.

பிறகு அவள் தேனுஜனைக் கட்டினாள். சைவப் பெடியன், மண்டபத்தில் மேளமும் தாலியும். "மாதா கோயில்ல நடக்காத கலியாணத்துக்கு நான் வரமாட்டன்" என்றான் பிறெடி. வரவில்லை. மறுவாரமே அவள் போய், மட்டை உறைகளுக்குள்ளிருந்து தட்டுகளை மட்டும் உருவி எடுத்தாள்.

"உறை உனக்கு, தட்டு எனக்கு. வைச்சுப் பாத்துக்கொண்டிரு."

ஏழு வருடம். அவளிடம் தட்டுப் போடும் பிளேயர் இல்லை, அவனிடம் தட்டு இல்லை. வீம்பில் இரண்டு பேரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். சாவதற்கு முதல் நாள் அவன் அவளுக்கு ஃபோன் எடுத்தான். இன்னொரு தரம் எடுக்கட்டும் பார்ப்போம் என்று வெட்டிவிட்டாள். அந்த இன்னொரு தரம் வரவேயில்லை. என்ன சொல்ல எடுத்திருப்பான் என்ற கேள்வி ஒரு மாதமாக அவளைத் தின்றுகொண்டிருந்தது.

அறையில் ஈரச் சுவரின் மணம். அதற்குள் அவன் நெற்றியில் பூசும் தைலத்தின் மணம், இப்போதுதான் பூசியதுபோல. மூலையில் பிளேயர் இருந்தது. அதன் வயர் கழற்றப்பட்டு நிலத்தில் கிடந்தது. பக்கத்தில் ஆறு உறைகளும் அடுக்குக் குலையாமல் நின்றன. தட்டுகளை அவற்றுக்குள் வைத்துச் சேர்த்துவிடத்தான் வந்திருந்தாள். முதல் உறையை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

மட்டையின் மேல் கீறல்கள். மெல்லிய வட்டங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக.

இரண்டாவதிலும் அப்படித்தான். ஆறிலும் அப்படித்தான்.

ஒவ்வொன்றின் நடுவிலும், பிளேயரில் பொருந்துவதற்காக ஒரு துளை.

பாட்டில்லாத மனிதன் வெறும் மட்டையைச் சுழலவிட்டு, அதன்மேல் ஊசியை வைத்துக் கேட்டிருக்கிறான்.

கடைசியில் ஏழாவதாகவும் ஒரு மட்டை இருந்தது. அவளுடைய கலியாணக் கார்ட். அதன் வட்டங்கள்தான் எல்லாவற்றிலும் ஆழம், காகிதம் பஞ்சாகிப் போயிருந்தது.

கை தானாக அதைப் பிளேயரில் வைத்தது.

கார்ட் சுழன்றது.

வயர் நிலத்திலேயே கிடந்தது.

ஊசி இறங்கியது. முதலில் சரசரப்பு. பிறகு, எங்கோ உள்ளே, கெட்டிமேளம். வெளியே, கலியாண மண்டபம் இருந்த காலி வீதியில், பஸ்களின் ஹோர்ன். "உள்ள வாங்கோவன், ஏன் வாசல்லயே நிக்கிறீங்கள்?" என்று யாரோ கேட்கிறார்கள். மிகக் கிட்டத்தில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிறெடி சொல்கிறான்.

"இல்ல, இஞ்ச நிண்டாலே எனக்குப் போதும்."

வந்திருக்கிறான். வாசல் வரைக்கும் வந்திருக்கிறான். தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்று சும்மாவா சொன்னார்கள்? றேணுகா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஊசி நடுவுக்கு வந்து, எழும்பி, தன்னிடத்துக்குத் திரும்பியது.

அவள் முதுகுக்குப் பின்னால் யாரோ செருமினார்கள்.

இரண்டு தரம்.

திரும்பிப் பார்க்கவில்லை. கார்ட்டைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கம் ஒரு கீறலும் இல்லாத வெறும் வெள்ளை. ஊசி இறங்கியது. பாட்டுமில்லை, பேச்சுமில்லை. காகிதம் கீறுபடும் ஒலி மட்டும். இந்தப் பக்கம் தன்னுடையது என்று அவளுக்கு விளங்கியது.

"அண்ணா" என்றாள். "அண்டைக்கு ஃபோன நான்தான் வெட்டினனான். என்னை மன்னிச்சுக்கொள்."

அழுகைக்கிடையே இன்னும் என்னென்னவோ சொன்னாள். ஊசி நடுவுக்கு வரும்வரை சொன்னாள்.

தட்டுகளை உறைகளுக்குள் வைத்துக் கட்டி எடுத்துக்கொண்டாள். கார்ட்டை எடுக்க மனம் வரவில்லை, அது அவனுடையது. பிளேயருக்கு நாளைக்கு ஆள் அனுப்புவதாகச் சொல்லிச் சாவியை அன்ரியிடம் கொடுத்தாள். மழை விட்டிருந்தது. தெருவாசல் படலையடிக்கு வந்தபோது மேல் யன்னலைச் சாத்தாதது நினைவுக்கு வந்தது.

அந்த யன்னலால் அவளுடைய சொந்தக் குரல் கேட்டது.

"அண்ணா... அண்டைக்கு ஃபோன நான்தான் வெட்டினனான்."

கடைசிச் சொல்வரை ஓடி முடிந்தது. பிறகு செருமல், இரண்டு தரம். சற்றுப் பொறுத்து, இன்னும் இரண்டு தரம். பூட்டிய அந்த அறையில் கார்ட்டைத் திருப்பிப் போட யாருமில்லை.