இரட்டைப் பூட்டுக்குள் வலம்புரி

வீல்!

அலறல் அறிவுமலர் மன்றத்தின் உள்ளேயிருந்து வந்தது.

தொடர்ந்து, ஓர் உடல் தரையில் சாயும் ஓசை!

ஏலத்துக்காக வாசலில் கூடியிருந்த கூட்டம் உள்ளே பாய்ந்தது. திறந்து கிடந்த இரும்புப் பெட்டியின் முன்னால் மல்லாந்து கிடந்தார், சங்கு வாங்கக் கல்கத்தாவிலிருந்து வந்திருந்த வியாபாரி.

பிணமா...?

பிணம் கண் விழித்தது. தண்ணீர் கேட்டது. பெட்டிக்குள் இருந்த சங்கைச் சுட்டிக்காட்டி, தனக்குத் தெரிந்த நான்கு தமிழ்ச் சொற்களில் இரண்டைச் செலவழித்தது.

"இது... இடம்புரி."

கூட்டம் மொத்தமும் ஒரே மனிதரைத் திரும்பிப் பார்த்தது.

சிவனணைந்தபெருமாள்!

மன்றத்தின் தலைவர். 'தெய்வம் இல்லை' என்று இருபது ஆண்டுகளாக மேடைதோறும் முழங்கியவர். சிவனையும் பெருமாளையும் பெயரிலேயே சுமந்துகொண்டு முழங்கியவர். தூத்துக்குடியில் அவரை மறுத்துப் பேச ஆளில்லை. அவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்க எவருக்கும் நேரமில்லை என்பதே அதற்குக் காரணம். அவருக்கு மட்டும் அது இன்னும் தெரியாது.

மன்றம் பத்து வயதுக் கட்டடம். கப்பல் முகப்பைப் போல வளைந்த முன்பக்கம், தட்டையான கான்கிரீட் கூரை, சுவரின் நீளத்துக்கும் ஓடும் கண்ணாடி ஜன்னல். பம்பாயில் படித்த எஞ்சினீயர் வரைந்த நவீனம்! தெருவுக்கு எதிர்ப்புறம் திரேஸ்புரத்து மாதா கோயில். அதற்கு வயது முந்நூறு. கடற்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் குழைத்து எழுப்பியது.

"பழமை சரியும், புதுமை நிமிரும்!" என்று தலைவர் முழங்கிய ஒரு மாலையில், புதுமையின் ஒரு துண்டு கூரையிலிருந்து பெயர்ந்து அவர் தலையிலேயே விழுந்தது. கடல் மணலைக் கலந்து கட்டிவிட்டார்கள். உள்ளே கம்பியெல்லாம் துரு.

பழமையும் சுகமாக இல்லை. கோயில் உத்தரங்களைக் கரையான் தின்றிருந்தது. ஐப்பசி மழைக்குள் செப்பனிடாவிட்டால் இரண்டையும் இடிப்போம் என்று நகரசபை நோட்டீசு ஒட்டியது. ஏலத்தன்று மிச்சமிருந்தது ஒன்பதே நாள்!

கோயிலுக்குக் கொடுப்பவர் மன்றத்துக்குக் கொடுக்கவில்லை. மன்றத்துக்குக் கொடுப்பவரிடம் கொடுக்க ஒன்றுமில்லை. கடைசியில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே நிதி என்று கைகொடுத்தவர் உப்பள முதலாளி மந்திரமூர்த்தி. தன் வீட்டு மாடியில் நின்றால் இரண்டும் தெரிகின்றன, இரண்டும் போய்விட்டால் வெறுங்கடல்தான் மிச்சம் என்பது அவர் சொன்ன காரணம்.

நிதிக் கூட்டத்தில் அவர் எழுந்து, "எங்க வலம்புரியத் தாரேன். வித்து ரெண்டு கூரையும் போடுங்க" என்றார்.

அடுத்த வாக்கியத்துக்கு வாய் திறந்தார்... அதற்குள் சிவனணைந்தபெருமாள் நன்றியுரையைத் தொடங்கிவிட்டார். இரண்டேகால் மணி நேரம்! இடையில் முதலாளி மூன்று தடவை எழுந்தார். மூன்று தடவையும் கைதட்டலுக்கு நடுவே உட்கார்ந்தார். மறுநாள் துணியில் சுற்றிய சங்கு ஒன்றை மன்றத்துக்கு அனுப்பிவிட்டுக் காசிக்கு ரயிலேறிப் போய்விட்டார்.

சங்கு இரும்புப் பெட்டிக்குள் போனது. பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி தலைவரிடம். மற்றது மாதா கோயில் உபதேசியார் சிலுவையிடம். இருவருக்கும் பத்து ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இதைவிடப் பத்திரமான ஏற்பாடு உலகத்தில் உண்டா?

இன்ஸ்பெக்டர் சுந்தரராஜ் வந்தார். நாசரேத்துக்காரர், புரொட்டஸ்டன்ட். வந்ததும் தொப்பியைக் கழற்றினார், மேலே பார்த்தார், கூரையின் விரிசலைக் கண்டு தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ரெண்டு சாவியும் சேந்தாத்தான் தெறக்கும். அப்ப ரெண்டு பேரும் சேந்துதான் மாத்தியிருக்கிய."

"இவரோட சேந்து நான் காப்பி கூடக் குடிச்சதில்ல" என்றார் சிலுவை.

"களவாணித்தனத்துக்குக் காப்பி வேண்டாம்வே. தலைவரே, போன மாசம் மேடையில என்ன பேசினீரு? வலம்புரிய நடுத்தெருவுல போட்டு ஒடைப்பேன், ஒரு குடியும் கெடாதுன்னு சொன்னீருல்லா?"

"அது உவமை" என்றார் தலைவர்.

"ஸ்டேஷன்ல உவமைக்குத் தனி ரூம் கெடையாது."

தலைவருக்கு வேர்த்தது. பெட்டிக்குள் வைத்த அன்று துணியைப் பிரித்துப் பார்த்தீரா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பார்க்கவில்லை. மூடநம்பிக்கைச் சின்னத்தைக் கண்ணால் காண்பதில்லை என்பது அவருடைய கொள்கை. சிலுவையும் பார்க்கவில்லை. அவருடைய வேதத்துக்கும் அது ஆகாதாம். இரண்டு கொள்கைகளுக்கு நடுவே ஒரு சங்கு பத்திரமாகக் காணாமற் போயிருந்தது!

சங்குகளைச் சேர்த்து வைக்கும் கிட்டங்கியிலிருந்து அமலோற்பவம் அழைத்து வரப்பட்டாள். பதினைந்து வருடமாகச் சங்கு தரம் பிரிப்பவள். சங்கைக் கையில் வாங்கினாள், திருப்பினாள், முகர்ந்தாள்.

"இது ஊதுற சங்குய்யா. நுனியை அறுத்திருக்கு பாருங்க. வலம்புரியா இருந்தா எவனாவது கத்திய வைப்பானா?"

"யாரு ஊதுனது?"

"மீனெண்ணெ வாடை அடிக்கி. மீனெண்ணெ பூசுறது தோணிக்குத்தான். மூடுபனிக்கு ஊதுறதுக்குன்னு பாய்மரத்துல கட்டித் தொங்கவிட்டுருப்பாவ." அவள் தலைவரை ஏறிட்டுப் பார்த்தாள். "ஒலகத்துக்கெல்லாம் கண்ணத் தெறங்கன்னு சொல்லுதீய. ஒரு துணிய அவுத்துப் பாத்திருக்கக் கூடாதா அண்ணாச்சி?"

தலைவர் அந்தத் துணியை எடுத்து முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டரின் மூளை விறுவிறுவென்று ஓடியது. எந்தத் தோணியில் சங்கு குறைகிறதோ, அந்தத் தோணிக்காரன்தான் மாற்றியவன்... அவனிடம்தான் வலம்புரி!

நடந்தார்கள். முன்னால் இன்ஸ்பெக்டர். பின்னால் ஒன்றாகக் குற்றம் சாட்டப்பட்ட ஆத்திகமும் நாத்திகமும். அவர்களுக்குப் பின்னால் பாதித் திரேஸ்புரம்.

துறையில் தோணிகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஒவ்வொரு பாய்மரமாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். சங்கு இருந்தது... சங்கு இருந்தது... சங்கு இருந்தது...

கடைசித் தோணியில் இல்லை!

வெறுங்கயிறு காற்றில் ஆடியது.

இன்ஸ்பெக்டரின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது. தோணித் தலைவனான தண்டல் மேலேயிருந்து எட்டிப் பார்த்தான். பெயர் தளவாய்.

"ஏலே, சங்கு எங்கலே?"

"எங்க உப்பள மொதலாளி வாங்கிட்டுப் போனாரு. மன்றத்துக்குக் கொடுத்துவிட."

"எதுக்கு?"

"தோணி கைமாறினா அதோட சங்க அடையாளமாக் கொடுக்கதுதான எங்க பழக்கம்?" தளவாய் தலைவரைப் பார்த்துக் கும்பிட்டான். "ரெண்டு வாரமா ஒங்க உத்தரவுக்குத்தான் காத்துக் கெடக்கோம் மொதலாளி. ஏலம்னு நோட்டீசு பாத்தோம். தோணியப் பாக்க ஒருத்தரும் வரலியேன்னு நெனச்சோம்."

சிவனணைந்தபெருமாள் மெல்லக் கண்களைத் தாழ்த்தினார். தோணியின் முன்முனையான அணியத்தில், முழங்கை உயர எழுத்துகளில், வெள்ளைச் சாயத்தில் அதன் பெயர் எழுதியிருந்தது.

வலம்புரி!

எழுபது அடி நீளம். மூன்று பாய்மரம். இரண்டு வாரமாக ஊரே பார்க்கும்படி மிதந்துகொண்டிருந்தது. எந்த இரும்புப் பெட்டியிலும் அது அடங்கியிருக்காது!

மூன்று தடவை எழுந்த முதலாளி இதைத்தான் சொல்ல எழுந்திருக்கிறார். மூன்று தடவையும் அவரை உட்கார வைத்த வாய் இப்போது திறந்தபடியே நின்றது.

"திருட்டு நடக்கல" என்று இன்ஸ்பெக்டர் நோட்டில் எழுதினார். "நன்றியுரை நடந்திருக்கு."

கொழும்பு வியாபாரி ஒருவர் இரண்டு நாளாக இந்தத் தோணியைச் சுற்றிச் சுற்றி வருகிறாராம். கையோடு பணம் தரத் தயாராம். அது இரண்டு கூரைக்கும் போதும் என்று தளவாய் கணக்குச் சொன்னான். சிலுவை சிலுவை போட்டுக்கொண்டார். தலைவரும் ஏதாவது போட்டுக்கொண்டிருப்பார், கொள்கை தடுத்தது.

"ஒண்ணே ஒண்ணு மொதலாளி" என்றான் தளவாய். "புது மொதலாளி தன் கையால அணியத்துல தேங்கா ஒடைக்காம எங்க ஆளுங்க பாய் ஏத்த மாட்டாங்க. பாய் ஏறாத தோணிய எவன் வாங்குவான்?"

இடி!

தேங்காய் உடைப்பதைக் கண்டித்து அவர் அச்சிட்ட துண்டுப் பிரசுரம் மட்டும் பதினொன்று. அவர் சிலுவையைப் பார்த்தார்.

"எங்க வேதத்துல கெடையாது" என்றார் சிலுவை.

இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"எங்க வேதத்துல அறவே கெடையாது. அதுவும் யூனிபாரத்துல."

வேறு யாருமில்லை. முதலாளி தளவாயிடம் விட்டுப்போன உரிமைச் சீட்டில் மன்றத் தலைவர் பெயர்தான் இருந்தது. ஒன்பது நாளில் மழை. முந்நூறு வயதும் பத்து வயதும் ஒருசேர அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

தேங்காய் கைக்கு வந்தது. சுற்றிலும் கூட்டம். கூட்டத்தைக் கண்டதும் தலைவரின் நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

"தோழர்களே! தேங்காய் என்பது ஓர் உணவுப் பொருள். அதை உடைப்பதும் உரிப்பதும்..."

"மொதலாளி" என்றான் தளவாய் மிகவும் பணிவாக. "நீங்க பேசி முடிக்கதுக்குள்ள கொழும்புக்காரரு வேற தோணி வாங்கிருவாரு."

சிவனணைந்தபெருமாள் வாயை மூடினார்.

கையை ஓங்கினார்.

டமார்!

இரண்டாவது வாக்கியத்திலேயே அவர் முடித்துக்கொண்ட ஒரே உரை அதுதான். கரையில் எழுந்த கைதட்டலைப் போல அவர் அதுவரை கேட்டதில்லை.

மழைக்கு முன்பே இரண்டு கூரைகளிலும் வேலை தொடங்கிவிட்டது. தை மாதத்தில் செப்பனிட்ட மன்றத்தில் முதல் கூட்டம். தேங்காய் உடைத்த தலைவரைக் கண்டித்து உறுப்பினர்கள் கூட்டிய கண்டனக் கூட்டம்! ஆனால் இரண்டு மணி நேரம் காரசாரமாகக் கண்டிக்கக்கூடிய பேச்சாளர் ஊரில் ஒருவர்தானே? சுவரொட்டியில் கொட்டை எழுத்தில் போட்டார்கள்:

'சிவனணைந்தபெருமாளைக் கண்டித்து... சிறப்புரை: சிவனணைந்தபெருமாள்.'

வந்தார். தன்னைத் தானே கிழிகிழியென்று கிழித்தார். அன்று அந்த மன்றத்தில் கிழியாமல் தப்பியது கூரை ஒன்றுதான்!