ஃபென்னா காரில் ஏறமாட்டாள்

"பெட்டி படுக்கையெல்லாம் கார்லதானே வருது ஃபென்னா, நீயும் அதுலயே வந்துடேன்," என்றார் ஹார்ம் சார்.

"நான் பெட்டியும் இல்ல, படுக்கையும் இல்ல சார்," என்றாள் ஃபென்னா.

வகுப்பே சிரித்தது. ஹார்ம் சாருக்கும் சிரிப்பு வந்தது. மீசையைத் தடவி மறைத்துக்கொண்டார்.

ஆரம்பப் பள்ளியில் அதுதான் கடைசி வகுப்பு. கோடை விடுமுறைக்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து சைக்கிளில் கடலோர முகாமுக்குப் போவார்கள். நாள் முழுக்க மிதிக்க வேண்டிய தூரம். குரோனிங்கன் மாகாணத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயமில்லை. நடக்கப் பழகிய கையோடு சைக்கிளும் பழகிவிடுவார்கள்.

ஆனால் ஃபென்னாவின் சைக்கிள் வேறு மாதிரி. சாய்வு நாற்காலிக்குச் சக்கரம் வைத்ததுபோல நீளமாக, தாழ்வாக இருக்கும். சாய்ந்து படுத்துக்கொண்டு, காலை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். கார்க்காரர்கள் கண்ணில் படுவதற்காகப் பின்னால் ஒரு கம்பியில் ஆரஞ்சுக் கொடி பறக்கும்.

போன வருடம் அவள் முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு சாதாரண சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்தால் சீக்கிரமே முதுகு வலித்தது. இந்தச் சைக்கிளில் வலி இல்லை. அம்மாவும் அவளும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகச் சுற்றி வந்தார்கள்.

"ரொம்ப தூரம்மா. வழியில வலிச்சா என்ன பண்ணுவ?" என்றார் சார்.

"வலிச்சா சொல்றேன். வலிக்காதப்பவே ஏன் சார் கார்ல ஏறணும்?"

சார் பெருமூச்சு விட்டார். "சரி, வா. ஆனா முடியலன்னா உடனே கார். சரியா?"

"வரேன் சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபென்னா புத்தகத்தைத் திறந்தாள்.

கிளம்பும் நாள் காலையில் கூடப் படிக்கும் மென்னோ சத்தமாகக் கேட்டான். "கட்டில் வந்தாச்சு. தலையணை எங்கப்பா?"

"நீ வழியில தூங்கி விழுவேல்ல, அப்பத் தரேன்," என்றாள் ஃபென்னா.

மதியம் வரை பாட்டும் அரட்டையுமாகப் போனார்கள். பிறகு கடலணை வந்தது. ஊருக்குள் கடல் வராமல் தடுக்க மலைபோல மண்ணைக் குவித்துக் கட்டிய கரை அது. பாதை அதன் மேலேறிச் சென்றது. அங்கே வடமேற்குக் காற்று காத்திருந்தது.

காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. எழுந்து நின்று மிதித்தாலும் சைக்கிள்கள் ஊர்ந்தன. ஃபென்னாவுக்கு மட்டும் காற்று மூக்குக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. தாழப் படுத்தபடி சீராக மிதித்தாள். திரும்பிப் பார்த்தபோது, வகுப்பு அறுந்த மணிமாலைபோலச் சிதறிக் கிடந்தது.

கடைசியில் மென்னோ சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். "என்னால முடியாது சார். காரைக் கூப்பிடுங்க."

இன்னும் சிலரும் உட்கார்ந்தார்கள். சார் கைபேசியை எடுத்தார்.

மென்னோ காரில் போவான். தான் சைக்கிளில் போய் இறங்கலாம். அந்த நினைப்பு ஃபென்னாவுக்கு இனித்தது. அப்போது மென்னோ சட்டைக் கையால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தாள். இனிப்பு போய்விட்டது. சைக்கிளைத் திருப்பி அவர்களிடம் வந்தாள்.

"சார், அணைக்கு உள்பக்கம், கீழ ஒரு பாதை இருக்கு. அங்க காத்து அடிக்காது."

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

ஃபென்னா கொடிக் கம்பியைத் திருகினாள். "அங்க ஆடு தாண்டாம இருக்க ஒரு கதவு வச்சிருக்காங்க. கம்பிகளுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போகணும். என் சைக்கிள் நுழையாது. அம்மாவும் நானும் அங்கிருந்து திரும்பிட்டோம்."

சார் யோசித்தார். "அப்ப நாங்க கீழ போறோம். உனக்கு மட்டும் காரை வரச் சொல்றேன்."

"வேண்டாம் சார். நான் மேலயே போயிடுவேன்."

"தனியா விடமாட்டேன்."

"அப்ப கதவு வரைக்கும் வரேன்."

"வந்து?"

"தெரியல. ஆனா கார்ல ஏறமாட்டேன்."

அணைக்கு உள்பக்கம் காற்று சட்டென்று நின்றுபோனது. அழுதவர்களுக்குப் பேச்சு வந்தது. பேசியவர்களுக்குப் பசி வந்தது. ஆனால் கதவும் வந்துவிட்டது. ஒவ்வொருவராகச் சைக்கிளை ஒடித்துத் திருப்பி அந்தப் பக்கம் போனார்கள்.

ஃபென்னா தன்னுடையதை உள்ளே விட்டாள். முன்பாகம் கம்பியில் முட்டியது. பின்னால் இழுத்து மறுபடி தள்ளினாள். மறுபடி முட்டியது. ஆடுகள் மென்றபடி வேடிக்கை பார்த்தன. சார் கைபேசியைத் தேடினார்.

"கொஞ்சம் இருங்க சார்." மென்னோதான். அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வந்திருந்தான். "இது படுத்திருக்கறதாலதான நுழையல? எழுப்பி நிக்க வச்சா?"

ஃபென்னா கதவைப் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள். அது சரிதான்.

"ஆனா நான் தூக்கக் கூடாது," என்றாள். அதைச் சொல்ல அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

"உன்னை யாரு தூக்கச் சொன்னா? எப்படித் திருப்பணும்னு சொல்லு, போதும்."

மென்னோவும் இன்னும் இருவரும் முன்பக்கத்தைத் தூக்கினார்கள். சைக்கிள் பின்சக்கரத்தில் குதிரைபோல எழுந்து நின்றது. "இடப்பக்கம் திருப்பு. இன்னும் கொஞ்சம். இப்ப உருட்டு," என்று ஃபென்னா சொல்லச் சொல்ல, அது நின்றபடியே கதவுக்குள் வளைந்து நடந்தது. கொடியை ஓர் ஆடு கடித்துப் பிடித்துக்கொண்டதால் கடைசியில் கொஞ்சம் இழுபறி ஆனது.

அந்தப் பக்கம் வந்ததும் ஃபென்னா, "நன்றிடா," என்றாள்.

"பயங்கர கனம்," என்றான் மென்னோ. பையிலிருந்து அந்த ஊர்ப் பிள்ளைகள் விரும்பும் கறுப்பு உப்பு மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டினான்.

சாயங்காலம் முகாமில் பான்கேக்கும் சர்க்கரைப் பாகும் கிடைத்தன. நீளமான பெஞ்சுகள் காலியாகவே கிடந்தன. நாள் முழுக்கச் சீட்டில் உட்கார்ந்து மிதித்த வலியில் யாராலும் உட்கார முடியவில்லை. தட்டை ஏந்தியபடி எல்லோரும் நின்றார்கள். ஹார்ம் சார் ஒரு மரத்தில் சாய்ந்து நின்று, அவ்வப்போது கால் மாற்றிக்கொண்டார்.

"முதுகு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு சார். நீங்க உக்காரலையா?"

 சார் மீசையைத் தடவினார்.

ஃபென்னா தன் சைக்கிளில் நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டி, அடுத்த பான்கேக்கைச் சாவகாசமாகச் சாப்பிடத் தொடங்கினாள்.