பின்பக்கம் தாழ்ந்த வண்டி

அந்த வண்டியின் பின்பக்கம் தாழ்ந்திருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தால் சாம்பல் நிறக் கம்பளமும் காலியான தரையும்தான் தெரிந்தன. ஆனால் நாலைந்து உருளைக்கிழங்கு மூட்டைகளை ஏற்றியது போலப் பின்சக்கரங்கள் இரண்டும் அமுங்கிக் கிடந்தன. இங்கேலா முதலில் பார்த்தது அதைத்தான். துரே பார்த்தது நீளத்தை.

"பாரு, பாரு! காலை நல்லா நீட்டலாம். உன்னையும் பக்கத்துல போட்டுக்கலாம்."

"அப்போ வண்டிய யாரு ஓட்டுறது?"

துரே அவள் கணவன். பாதி வாழ்க்கை மரம் ஏற்றும் லாரி ஓட்டியவன். இப்போது இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டதால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் உமேயோ நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். போகும்போது பாடிக்கொண்டு போவான். திரும்பும்போது உட்காரக்கூட முடியாமல் துவண்டுவிடுவான். ஆஸ்பத்திரி டாக்சி உண்டு. முன்பின் தெரியாத ஆள் முன்னால் வாந்தி எடுக்க அவனுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. தங்கள் சின்னக் காரில் அவனை மடக்கிப் போட்டுக்கொண்டு காட்டுவழியே ஓட்டி வருவதற்குள் இங்கேலாவுக்கு உயிர் போய் உயிர் வரும். அந்தக் காரையும் துரு தின்றுவிட்டதென்று போன வாரச் சோதனையில் கழித்துவிட்டார்கள். அவனைப் படுக்கவைத்துக் கூட்டிவர ஒரு ஸ்டேஷன் வேகன் வேண்டும், பனி இறுகுவதற்குள். பக்கத்து வீட்டுக்காரர் வண்டி விற்கும் இந்த வீட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். வாங்கினால் இதிலேயே திரும்புவது. வாங்காவிட்டால் எப்படித் திரும்புவது என்று இருவரும் யோசிக்கவில்லை.

நவம்பர் மாதம். மதியச் சாப்பாடு செரிப்பதற்குள் இருட்டிவிடும். முற்றத்தைச் சுற்றி ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரங்கள் நெருங்கி நின்றன. வீட்டிலிருந்து வண்டியின் சொந்தக்காரர் ஹில்டிங் காப்பிக் கோப்பைகளோடு வந்தார். எழுபது வயதிருக்கும், கதவு அகலத்துக்கு ஆள், இதமான குரல்.

"விளம்பரத்துல போட்டது இந்த வண்டிதானே?" என்றான் துரே.

"ஷுப்," என்றார் ஹில்டிங்.

வடக்கில் 'ஆமாம்' என்பதை இப்படித்தான் சொல்வார்கள். உதட்டைக் குவித்து, சூடான காப்பியை உறிஞ்சுவது போல ஒரு மூச்சை உள்ளே இழுத்தால் போதும், அதுவே சம்மதம். தெற்கே ஸ்கோனேயிலிருந்து வாக்கப்பட்டு வந்த புதிதில், பால் இருக்கிறதா என்று கேட்டதற்குக் கடைக்காரி மூச்சை இழுத்ததும், பாவம் நெஞ்சுவலி என்று பதறி நாற்காலி தேடினாள் இங்கேலா. துரே அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். இப்போது அவளுக்கே அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. "இப்பத்தான் நீ எங்க ஊர்க்காரி," என்பான்.

"பின்னாடி ஏன் இப்படித் தாழ்ந்திருக்கு?" என்றாள்.

"ஸ்பிரிங் பழசு தங்கச்சி. வயசானா எல்லாருக்கும் பின்பக்கம் தொங்கத்தான் செய்யும்."

துரே விழுந்து விழுந்து சிரித்தான். இங்கேலாவும் சிரித்தாள். அப்போதுதான் மின்கம்பியைக் கவனித்தாள். குளிரில் எஞ்சின் உறையாமலிருக்க வீட்டுச் சுவரிலிருந்து வண்டியின் மூக்குக்குக் கம்பி இழுத்துச் செருகுவது அங்கே எல்லா வீட்டிலும் உள்ளதுதான். இந்தக் கம்பி மூக்குக்குப் போகவில்லை. வண்டியைச் சுற்றிப் பின்னால் போய், டிக்கிக் கதவின் இடுக்கு வழியாக உள்ளே போயிருந்தது.

"எல்னாவுக்குக் குளிரும்," என்றார் ஹில்டிங், அவள் பார்வையைப் பார்த்து. "என் வீட்டுக்காரி. சீக்காளி. ஆஸ்பத்திரிக்குப் போகவர அதுலதான் படுத்துக்கிட்டு வருவா."

"அப்புறம் ஏன் விக்கிறீங்க?"

"பின்னாடி படுத்தே அலுத்துட்டாளாம். முன்னாடி உட்காரணுமாம்." கோப்பையை உதட்டில் வைத்துக்கொண்டார். "பொம்பளைங்களைத் திருப்திப்படுத்த முடியுமா?"

"சரியாச் சொன்னீங்க. வண்டி எங்கயாவது அடிபட்டிருக்கா?" என்றான் துரே.

ஹில்டிங் காப்பியை விழுங்கிக்கொண்டிருந்தார். அவர் தொண்டை ஏறி இறங்குவதை இங்கேலா பார்த்தாள்.

"ஷுப்."

"அப்படியா? எங்க?"

ஹில்டிங் கோப்பையை இறக்கினார். "இல்லையே. ஒரு கீறல்கூடக் கிடையாது."

துரே டிக்கியைத் திறந்தான். பைன் சோப்பு மணம் முகத்தில் அடித்தது. அதற்கு அடியில் வேறொன்று, தித்திப்பாக, இரும்பாக. "மூஸ் மான் ஏத்துவீங்களோ?" என்று அவனே கேட்டுக்கொண்டான். அங்கே வேட்டைக்காரர்களின் வண்டிகள் எல்லாமே அப்படித்தான் நாறும். பின் இருக்கைக்கும் டிக்கிக்கும் நடுவே நாய் தாண்டாதபடி போடும் கம்பி வலை இருந்தது. அதன் ஒரு கண்ணியில் மஞ்சளாக, பிறை போல ஏதோ சிக்கியிருந்தது. இங்கேலா அதைத் தானிய உமி என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

"நாய் வளர்த்தீங்களா?"

"எல்னாவுக்கு நாயே ஆகாது," என்றார் ஹில்டிங்.

துரேவின் கையை இறுக்கினாள். "வேண்டாம்டா. போயிடலாம்." அவன் முகத்தில் நேற்றைய ஊசிகளின் வெளுப்பு இன்னும் தெளியவில்லை. "எதுல போறது?" என்றான் மெதுவாக. "ஓட்டிப் பாரு. பிடிக்கலைன்னா விட்டுடலாம். சத்தியமா."

ஹில்டிங் மின்கம்பியைக் கழற்றியதும் அவள் ஓட்டினாள். பக்கத்தில் துரே, பின் இருக்கையில் ஹில்டிங். வண்டி வெண்ணெய் போலப் போனது, அதுதான் கொடுமை. சரளைக்கல் பாதையில் ஒரு குலுங்கல் இல்லை, உள்ளே வெதுவெதுப்பு, கண்ணாடியில் சன்னமாக விழத் தொடங்கிய பனியை வைப்பர் இருபுறமும் ஒதுக்கிக்கொண்டே வர, இருண்ட மரங்கள் விளக்கொளியில் ஒவ்வொன்றாக வந்து வந்து பின்னால் போயின. துரே பாட ஆரம்பித்திருந்தான். அவன் பாட்டு நின்ற இடைவெளியில், பின்கழுத்துக்கு வெகு அருகில், யாரோ மூச்சை இழுத்தது போலிருந்தது.

மேல்கண்ணாடியில் பார்த்தாள். ஹில்டிங் வாயை மூடிக்கொண்டு சன்னலோரம் திரும்பியிருந்தார். அவர் தலைக்குப் பின்னால், டிக்கிக் கண்ணாடியில், உள்பக்கமாக, பனித்திருந்த ஈரம் உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டமாகத் துடைபட்டிருந்தது.

"எல்னா வீட்டுலதானே இருக்காங்க?" என்றாள்.

ஹில்டிங் திரும்பவில்லை. கண்ணாடியில் தெரிந்த அவர் உதடு மூடியே இருந்தது.

ஷுப்.

"அப்போ திரும்பறப்போ அவங்களையும் பார்த்துட்டுப் போலாம்," என்றான் துரே சந்தோஷமாக.

பழைய சரளைக் குழியருகே ஹில்டிங் நிறுத்தச் சொன்னார். "அடிப்பக்கம் துரு இருக்கான்னு பார்த்துடுங்க. அப்புறம் கிழவன் ஏமாத்திட்டான்னு சொல்லக்கூடாது." துரேவுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? வண்டியின் அடிவயிற்றைத் தடவிப் பார்க்காமல் அவன் எதையும் வாங்கியதில்லை. "நீ உட்காரு," என்று அவளிடம் சொன்னான். "சரிவா இருக்கு. பிரேக்ல இருந்து காலை எடுத்துடாதே." தன் பக்கத்துக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு இறங்கினான். ஹில்டிங்கும் அவன் பின்னாலேயே இறங்கிப் போனார்.

ஜாக்கியின் கிறீச். பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. குளிர் உள்ளே வந்தது. பைன் சோப்பும் இரும்பும் கலந்த அந்த நாற்றம் குளிரில் மட்டுப்படவில்லை, கூடியது. இங்கேலா பெடலை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால் விடுபட்டால் அவன் மேல் வண்டி உருளும். ஓட முடியாது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

"யாரு?" என்றாள், உதடு மட்டும் அசைய. "எல்னாவா?"

ஷுப்.

"அவர்தான் உன்னை அடைச்சு வெச்சிருக்காரா?"

ஷுப்.

"உயிரோட இருக்கியா?"

ஷுப்.

பயத்திலும் அவளுக்குக் கண்ணீர் வந்தது. பிறகு, ஏனென்று தெரியாமல், இன்னொன்றும் கேட்டாள்.

"செத்துட்டியா?"

ஷுப்.

அப்போதுதான் புரிந்தது. அது பதில் இல்லை. ஒருபோதும் பதிலாக இருந்ததில்லை. மூச்சு. உள்ளே போகும் மூச்சு மட்டும். அது வெளியே வந்த சத்தத்தை அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

"ஹில்டிங்!" கீழேயிருந்து துரேவின் குரல். "கட்டைய முட்டுக் கொடுத்துட்டீங்களா?"

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகிற ஆள் இல்லை அவன். இங்கேலா பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். பின் விளக்கின் சிவப்பில் ஹில்டிங் நின்றிருந்தார். முட்டுக்கட்டை அவர் கையில் இருந்தது. கக்கத்தில் இடுக்கியிருந்தார், ரொட்டி வாங்கி வருகிறவர் போல.

"இங்கேலா! கட்டை வெச்சாச்சா? நான் உள்ளே போகட்டுமா?"

வேண்டாம் என்று கத்த வாய் திறந்தாள். பயம் முந்திக்கொண்டது. மூச்சு தானாக உள்ளே போனது, பழகிப்போன வாய் வழியாக.

ஷுப்.

அது பின்னாலிருந்து வரவில்லை.

"சரி," என்றான் துரே. சரளையில் அவன் முதுகு உரசும் சத்தம்.

ஹில்டிங் பூட்ஸ் காலால் ஜாக்கியைத் தட்டினார். லேசாகத்தான்.

வண்டி விழுந்தது. இருக்கை வழியாக அவள் முதுகெலும்புக்கு அந்தச் சத்தம் ஏறியது. காய்ந்த கிளைகள் கட்டோடு முறிவது போல. ஒரு அலறல், பாதியில் நீராக மாறியது. பெடல் மேலிருந்த அவள் கால் அப்போதும் அசையவில்லை.

பிறகு இறங்கி ஓடினாள். துரேவின் கால்கள் மட்டும் வெளியே. ஒன்று சரளையை உதைத்துக்கொண்டிருந்தது. பம்பரைப் பிடித்துத் தூக்கினாள். நகம் பிய்ந்தது. தூக்கினாள். கால் நின்றது.

"என்னம்மா செய்யறது. நீதானே சொன்னே," என்றார் ஹில்டிங்.

ஜாக்கிக் கம்பி கையில் அகப்பட்டது. வீசினாள். அவர் கன்னம் பிளந்து பற்கள் தெரிந்தன. மறுபடி வீசினாள். காதிலிருந்து ரத்தம் பனியில் தெறித்தது. மூன்றாவது வீச்சில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கோபமே இல்லாமல், மாட்டைத் தட்டுகிறவர் போல, முட்டுக்கட்டையால் அவள் நெஞ்சுக்குழியில் ஒரே இடி இடித்தார்.

காற்று மொத்தமும் போனது. மண்டியிட்டாள். கத்த முடியவில்லை. வாய் திறந்தால் உள்ளே மட்டும்தான் போனது.

"எல்னாவும் இப்படித்தான்," என்றார், அவள் முன்னால் குந்தி. கிழிந்த கன்னம் வழியாகச் சொற்கள் ஈரமாக வந்தன. "பின்னாடி படுத்துக்கிறியான்னு கேட்டேன். சரின்னா. கதவைச் சாத்தட்டுமான்னு கேட்டேன். சரின்னா. ஒரு தடவைகூட வேண்டாம்னு சொல்லலை. நான் யாரையும் வற்புறுத்தமாட்டேன் தங்கச்சி." அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டார். "நீ பின்னாடி படுத்துக்கிறியா?"

இல்லை. இல்லை. இல்லை.

"ஷுப்," என்றது அவள் வாய்.

"நல்ல பொண்ணு."

டிக்கியைத் திறந்தார். அவர் அவளைத் தூக்குவதற்கு முன்பே, யாரோ இறங்கியது போல வண்டியின் பின்பக்கம் மேலே எழுந்தது. கீழே துரேவின் உடல் விடுபட்டு நழுவியது. பிறகு அவள் உள்ளே விழ, மறுபடி தாழ்ந்தது. கதவு மூடிக்கொண்டது.

இருட்டு. சோப்பு. இரும்பு. விரல்களை வலைக்குள் கோத்து இழுத்தாள். பழைய நகங்கள் அவள் விரல்களைக் குத்தின.

ஹில்டிங் முன்னால் ஏறி எஞ்சினை முடுக்கினார். கண்ணாடியைச் சரிசெய்து அவளைப் பார்த்தார்.

"சௌகரியமா இருக்கா?"

ஷுப்.

"கேட்டியா?" என்றார் அவர், பக்கத்து இருக்கையைப் பார்த்து.

அங்கே, துரே திறந்துபோட்டுப் போன கதவு மெல்ல மூடியது. ஈரமான நரைமுடி இருக்கையின் விளிம்புக்கு மேல் எழுந்து நின்றது. நகமே இல்லாத ஒரு கை பெல்ட்டை நிதானமாக இழுத்து, மடியில் மாட்டிக்கொண்டது. பிறகு எல்னா, நெடுநாள் இழுத்து வைத்திருந்த அந்த மூச்சை, முன்கண்ணாடி முழுவதும் வெளுக்கும்படி, நீளமாக வெளியே விட்டாள்.