தொட்டுவிட்டுப் போ, லோர்கன்

சாவு வீட்டில் சிரிப்புச் சத்தமே இல்லை. லோர்கனுக்கு அதுதான் முதலில் உறுத்தியது. ஸ்லீவ் புளூம் மலையடியில் எவன் செத்தாலும் சாராயமும் புகையிலையும் கேலியும் விளையாட்டுமாகத்தான் பிணத்துக்குக் காவல் இருப்பார்கள். செத்திருப்பதோ வழிப்பறி பெலிம்; ஊர் ஊராகச் சொல்லிச் சிரிக்க அவன் கதைகள் எத்தனையோ உண்டு. ஆனால் வைக்கோல் கூரையிலிருந்து மழை சொட்டிக்கொண்டிருக்க, அணைந்துபோன அடுப்பில் விறகுக்குப் பதிலாக எரித்த கரிமண்ணின் புகை தொண்டையைக் கமற, அந்த மாலை மங்கலில் சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

"வா லோர்கன்," என்றாள் பெலிமின் மனைவி மேவ். "உனக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தோம்."

"இப்படி ஆயிடுச்சே அண்ணி."

"ஆத்துத் துறையில வச்சு சிப்பாய்ங்க சுட்டுட்டானுங்க. அந்தப் பக்கமா வருவார்னு எவனோ போட்டுக் குடுத்திருக்கான்."

போட்டுக் கொடுத்தவன் லோர்கன்தான். அவனை அரித்த கவலை வேறு. பெலிம் இதற்கு முன்பே இரண்டு தடவை 'செத்தவன்'. இதே மேசையில் வெள்ளைத் துணி போர்த்திப் படுத்து, தேடி வந்த சிப்பாய்களையே தொப்பியைக் கழற்ற வைத்த எமகாதகன். அப்போது பக்கத்தில் நின்று மாரடித்து அழுதவன் அவன் கூட்டாளியான இந்த லோர்கன். இதுவும் நாடகமாக இருந்தால் அவன் தலை தப்பாது. கண்ணால் பார்க்காமல் தூக்கம் வராது என்றுதான் வந்திருந்தான்.

தலைமாட்டில் மெழுகுவர்த்திகள். பிணத்தின் நெஞ்சில் மூக்குப்பொடித் தட்டு. வருகிறவர்கள் ஒரு சிட்டிகை எடுத்துக்கொள்வது முறை. லோர்கன் எடுத்தான், கை தவறியதுபோல் பிணத்தின் மூக்கிலேயே கொட்டினான். உயிருள்ளவன் எவனும் அதைத் தாங்க மாட்டான்.

காத்திருந்தான். தும்மல் இல்லை. தட்டு அசையவில்லை. குனிந்து மோந்தான். லேசான அழுகல் வாடை.

அப்பாடா. நிஜமாகவே செத்துத் தொலைந்தான்.

"தொட்டுட்டுப் போ," என்றாள் மேவ். "உங்களுக்குள்ள ஒரு மனத்தாங்கலும் இல்லைன்னு ஆகணும்ல. தொடாமப் போனா அவரு உன்னை விடமாட்டாரு."

இனி என்ன பயம்? கையைத் தொட்டான். சில்லிட்டிருந்தது. நாடி இல்லை. சிலுவைக் குறி போட்டுக்கொள்ளத் தன் கையை இழுத்தான்.

வரவில்லை.

பிணத்தின் விரல்கள் மடங்கியிருந்தன. அவன் கையைச் சுற்றி. இறுகின. செத்தவன் நெஞ்சில் மூச்சில்லை. கண் திறக்கவில்லை. இறுகின.

"அண்ணி..."

மேவ் அவனைப் பார்க்கவில்லை. சுவரோரம் இருந்தவர்கள் எழுந்து, ஒவ்வொருவராக வெளியே போனார்கள். அவள் மெழுகுவர்த்திகளை ஊதி அணைத்தாள். கடைசி ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போய், கதவை வெளியிலிருந்து சாத்தினாள்.

இருட்டில் அந்தப் பிடி மணிக்கட்டைத் தாண்டி மேலே ஏறியது.